வைவாவில் ஒருமுறை பார்த்தவருக்கு ரெஃபரன்ஸ் லெட்டர் எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிஎச்டி வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, எக்ஸ்டர்னலாக (வெளித்தேர்வாளராக) போய் வருகிறீர்கள். இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டீர்கள், அறிக்கையில் கையெழுத்துப் போட்டீர்கள், துறையில் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு ரயிலேறினீர்கள். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வருகிறது: "வணக்கம் சார். என் வைவாவுக்கு வந்திருந்தீர்கள். போஸ்ட்டாக்குக்கு விண்ணப்பிக்கிறேன். மூன்றாவது ரெஃபரியாக உங்கள் பெயரைக் கொடுக்கலாமா?" முகம்கூடச் சரியாக நினைவில்லை.

இப்படிக் கேட்பவர்மேல் தப்பில்லை. வெளிநாட்டுப் போஸ்ட்டாக்குக்கும் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) ஆசிரியர் வேலைக்கும் பெரும்பாலும் மூன்று கடிதம் கேட்கிறார்கள். இங்கே ஐஐடி, ஐசர், ஐஐஎஸ்சி, சென்னைக் கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களிலும் ரெஃபரி பெயர் வேண்டும். நம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவரை நெருக்கமாக அறிந்தவர் கைடு ஒருவர்தான். ஆய்வுக்குழு உறுப்பினரைப் பிடித்து இரண்டாவதைத் தேற்றிவிடுவார். மூன்றாவதுக்கு எங்கே போவார்? யுஜிசியின் 2022ஆம் ஆண்டு பிஎச்டி விதிமுறைப்படி, நிறுவனத்துக்கு வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் ஆய்வேட்டை மதிப்பிட வேண்டும். அந்த ஆய்வேட்டை முழுக்கப் படித்த வெளியாட்கள் பெரும்பாலும் அந்த இரண்டே பேர்தான். ஒருவர் நீங்கள். ஆளை உங்களுக்குத் தெரியாது, வேலையைத் தெரியும்.

இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. ஐந்து நிமிடம் மட்டும் பார்த்த சாட்சியும் வழக்குக்கு உதவுவார், அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் சொன்னால். ஐந்து வருடம் பழகியவர்போலப் பேச ஆரம்பித்தால் குறுக்கு விசாரணையில் எல்லாமே போய்விடும்.

படி 1: எழுதலாமா, வேண்டாமா?

முதல் நாளிலேயே ஒரு தாளை எடுத்து, இவருடைய வேலையைப் பற்றி வேறு யாருக்கும் பொருந்தாத இரண்டு வாக்கியங்களை எழுத முடிகிறதா என்று பாருங்கள். "மூன்றாம் அத்தியாயத்தில் பழைய நிரூபணத்தில் இருந்த ஒரு அனுமானத்தைத் தூக்கிவிட்டார்" என்பது அப்படிப்பட்ட வாக்கியம். "நன்றாகப் பதில் சொன்னார்" என்பது இல்லை. இரண்டு வாக்கியம் வராவிட்டால், உங்கள் பழைய அறிக்கையைப் படித்துவிட்டு இன்னொரு முறை முயலுங்கள். அப்போதும் வராவிட்டால் மறுத்துவிடுங்கள்.

மறுப்பதை இரண்டு நாளுக்குள் செய்ய வேண்டும். நம்மிடம் உள்ள பெரிய வியாதி, முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு "பார்க்கலாம்ப்பா" என்று இழுப்பது. கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்த இளைஞர் வேறு யாரிடம் போவார்? "உங்கள் வேலையைப் பற்றி என்னால் பொதுவாகத்தான் எழுத முடியும், அது உங்களுக்கு உதவாது. மாநாட்டில் உங்கள் உரைக்குப் பிறகு கேள்வி கேட்ட பேராசிரியர் யாராவது இருந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள்" என்று எழுதினால் யாருக்கும் மனம் நோகாது. ஒப்புக்கொண்டுவிட்டு அரை மனதாக எழுதும் கடிதம்தான் கெடுதல். தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் வெதுவெதுப்பான கடிதத்தைக் கண்டித்து எழுதிய கடிதமாகவே படிப்பார்கள்.

ஒரு நிலைமையில் மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டாவது எழுதலாம் என்பேன். கைடோடு உறவு முறிந்துபோன மாணவர்கள் இருக்கிறார்கள். கைடின் கடிதம் இல்லாத விண்ணப்பம் எங்கே போனாலும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும். அங்கே, எந்தப் பக்கமும் சாராத எக்ஸ்டர்னலின் கடிதத்துக்கு வழக்கத்தைவிட மதிப்பு அதிகம். என்ன நடந்தது என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அந்தச் சண்டையைக் கடிதத்தில் கொண்டுவராதீர்கள். நீங்கள் பார்க்காத சண்டைக்கு நீங்கள் நீதிபதி இல்லை. ஆய்வேட்டின் தரத்தைச் சொல்லுங்கள், போதும்.

படி 2: என்ன கேட்டு வாங்க வேண்டும்

சிவி, வேலை விளம்பரம், ஆய்வுத் திட்ட அறிக்கை, எங்கெங்கே எந்தத் தேதிக்குள் என்ற பட்டியல். இவையெல்லாம் யாரும் கேட்பவை. குறைவாகப் பழகியவர் கூடுதலாக மூன்று விஷயம் கேட்க வேண்டும்.

ஒன்று, அவர் தன் மிகச் சிறந்த கட்டுரை என்று நினைப்பது எது, கூட்டாக எழுதியதாக இருந்தால் அதில் அவர் கை எது என்று ஒரு பத்தி. இரண்டு, மற்ற இரண்டு கடிதங்களை யார் எழுதுகிறார்கள், எதைப் பற்றி எழுதுவார்கள். கைடு ஆய்வகத்தில் அவர் உழைத்ததைச் சொல்லப்போகிறார் என்றால் நீங்கள் அதைத் தொடவே வேண்டாம். மூன்று, "நான் மட்டும் சொல்லக்கூடியது எது என்று நினைக்கிறீர்கள்?" என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். முதலில் திணறுவார். பிறகு வரும் பதிலில்தான் பல சமயம் கடிதத்தின் மையமே இருக்கும்: "அந்த எதிர்மறை உதாரணத்தைப் பற்றி நீங்கள் வைவாவில் கேட்டீர்கள் சார், அதற்குப் பிறகு அதையே ஒரு தனிக் கட்டுரையாக ஆக்கினேன்."

இந்த இடத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைப் பேசியாக வேண்டும். "நீயே ஒரு டிராஃப்ட் அடிச்சு அனுப்பிடுப்பா, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." இது கல்லூரிகளில் எவ்வளவு சாதாரணம் என்று எல்லோருக்கும் தெரியும். நேரமில்லாத பேராசிரியருக்கு வசதி, மாணவருக்கும் தன் புகழைத் தானே எழுதிக்கொள்ள வசதி என்று தோன்றும். உண்மையில் மாணவருக்கு இதனால் நஷ்டம்தான். மூன்று கடிதங்களையும் அவரே எழுதினால் மூன்றும் ஒரே நடையில், ஒரே சொற்களோடு, சிவியைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வரும். வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கடிதம் படிக்கும் குழுவுக்கு அதைக் கண்டுபிடிக்க இரண்டாவது பத்தி போதும். தவிர, கடிதத்தை விண்ணப்பதாரர் பார்க்கக்கூடாது என்பதே அந்த முறையின் அடிப்படை. அதை அவரே எழுதினார் என்றால், உங்கள் கையெழுத்து பொய்ச்சாட்சி ஆகிவிடுகிறது. டிராஃப்ட் கேட்காதீர்கள், குறிப்புகள் கேளுங்கள். துணுக்கு துணுக்காக, வாக்கியமே இல்லாமல் வந்தால் இன்னும் நல்லது.

படி 3: படிப்பது, பேசுவது

உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு புதையல் இருக்கிறது: ஆய்வேட்டைப் பற்றி நீங்கள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய தேர்வாளர் அறிக்கை. அது எந்த வேலைக்காகவும் எழுதப்படாதது. புகழ வேண்டிய கட்டாயமில்லாமல் எழுதியது. அதில் நீங்கள் பாராட்டியிருந்தால் அந்தப் பாராட்டை நம்பலாம். அதை மறுபடி படியுங்கள். பிறகு ஆய்வேட்டின் சிறந்த அத்தியாயத்தையும் வைவாவுக்குப் பின் வந்த கட்டுரை ஏதாவது இருந்தால் அதையும் படியுங்கள். அரை நாள் ஆகும். அரை நாள் தர முடியாவிட்டால் முதல் படிக்குத் திரும்பிப் போய் மறுத்துவிடலாம்.

அடுத்தது ஒரு போன் அல்லது வீடியோ அழைப்பு, அரை மணி நேரம். குடும்பம், ஊர் எல்லாம் வேண்டாம். வேலையைப் பற்றி மூன்று கேள்வி: இப்போது எங்கே சிக்கிக்கொண்டு நிற்கிறீர்கள்? ஆய்வேட்டில் இன்று மாற்றி எழுத விரும்புவது எது? ஐந்து வருடத்தில் எந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்? இரண்டாவது கேள்விக்கு "எதுவும் இல்லை சார்" என்று சொல்பவரைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். தன் வேலையின் பலவீனத்தைப் பதற்றமில்லாமல் விளக்குபவரைப் பற்றி எழுத ஒரு நல்ல பத்தி கிடைத்துவிட்டது.

கற்பித்தலுக்கும் இதே வழி. அமெரிக்காவில் கணிதத் துறை வேலைகளுக்குப் பெரும்பாலும் ஒரு கடிதமாவது கற்பித்தலைப் பற்றி இருக்க வேண்டும். விருந்தினர் விரிவுரையாளராக வந்து போகும் ஒருவருக்குத் துறைத்தலைவர் எழுத வேண்டியிருக்கும். பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். பலகையில் என்ன எழுதினார், மாணவர் தப்பாகப் பதில் சொன்னபோது என்ன செய்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பைப் பார்த்து எழுதிய ஒரு பக்கம், ஒரு வகுப்பையும் பார்க்காமல் எழுதிய மூன்று பக்கத்தைவிடக் கனமானது.

படி 4: முதல் பத்தி

உறவின் அளவை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலோர் இதைத்தான் மறைக்கப் பார்க்கிறார்கள்.

1911ஆம் ஆண்டு சூரிச் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் ஐன்ஸ்டீனுக்குப் பதவி கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தபோது, மேரி கியூரியிடமும் கணிதவியலாளர் ஆன்றி புவான்காரேயிடமும் கருத்துக் கேட்டார்கள். இருவரும் அந்த ஆண்டு பிரஸ்ஸல்ஸில் நடந்த முதல் சால்வே இயற்பியல் மாநாட்டில் அவரைச் சந்தித்திருந்தார்கள். கியூரி என்ன செய்தார்? ஐன்ஸ்டீனுடைய வெளியீடுகளைப் படித்து வியந்திருப்பதாகவும், பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் அவருடைய சிந்தனைத் தெளிவையும் அறிவின் ஆழத்தையும் நேரில் கண்டதாகவும் எழுதினார். பழக்கம் இவ்வளவுதான் என்பதும், அதிலிருந்து தெரிந்தது என்ன என்பதும் சேர்ந்தே வந்துவிட்டன. ஐன்ஸ்டீன் 1912இல் அங்கே பேராசிரியரானார்.

உங்கள் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும்; அதன் உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"இவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு நான் வெளித்தேர்வாளராக இருந்தேன். அதை முழுவதும் படித்து அறிக்கை தந்திருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்காக அவருடைய அடுத்த கட்டுரையையும் படித்தேன், ஒருமுறை விரிவாகப் பேசினேன். நாங்கள் சேர்ந்து வேலை செய்ததில்லை. ஆகவே அவருடைய ஆய்வின் தரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்."

கடைசி வாக்கியம் முக்கியம். அணியில் எப்படி வேலை செய்வார், நேரத்துக்கு வருவாரா என்பதைப் பற்றி நீங்கள் மௌனமாக இருந்தால் குழு அதைக் குறையென்று எடுத்துக்கொள்ளலாம். மௌனத்துக்குக் காரணத்தை முன்பே சொல்லிவிட்டால் அந்தச் சந்தேகம் எழாது.

படி 5: நடுப்பகுதி

இரண்டே விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆழமாகப் போங்கள். முதல் பத்தியில் பிரச்சினை என்ன, இவருக்கு முன்னால் யார் எதுவரை வந்திருந்தார்கள், இவர் எங்கே நகர்த்தினார் என்று சொல்ல வேண்டும். குழுவில் பாதிப் பேர் வேறு துறைக்காரர்கள். அவர்களுக்குப் புரியும்படி ஒரு வாக்கியமும், நிபுணருக்காக ஒரு வாக்கியமும் இருந்தால் சரி. இரண்டாவது பத்தி, நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு தருணம்: வைவாவில் எந்தக் கேள்வி கேட்டீர்கள், என்ன பதில் வந்தது. "தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, பலகையில் ஒரு சிறிய நிலையைச் சோதித்துப் பார்த்து, கருதுகோள் அங்கே தோற்பதைத் தானே கண்டுபிடித்தார்" என்ற ஒரு வாக்கியம் "அறிவுக்கூர்மை மிக்கவர்" என்பதை வாசகரே சொல்லும்படி செய்துவிடும்.

பிறகு ஒப்பீடு. வெளிநாட்டுக் குழுக்கள், முக்கியமாக அமெரிக்காவில், இதை எதிர்பார்க்கின்றன. ஆளைத் தெரியாமல் எப்படி ஒப்பிடுவது? ஆய்வேட்டை ஆய்வேட்டோடு ஒப்பிடலாம்: "நான் தேர்வாளராக இருந்த ஆய்வேடுகளில் முதல் மூன்றில் ஒன்று." அது உண்மையாக இருந்தால் மட்டும். எல்லோரையும் முதல் ஐந்து சதவீதத்தில் போடும் பேராசிரியரின் பெயர் சீக்கிரமே பரவிவிடும், அதற்குப் பிறகு அவர் எழுதும் கடிதத்தால் எந்த மாணவருக்கும் பயனில்லை.

குறை சொல்லலாமா? சொல்லலாம், புவான்காரே சொன்ன மாதிரி. ஐன்ஸ்டீன் எல்லாத் திசையிலும் தேடுகிறவர். அவர் போகும் பாதைகளில் பெரும்பாலானவை முட்டுச்சந்தாகத்தான் இருக்கும், ஆனால் ஒன்று சரியாக இருந்தாலே போதும் என்று எழுதினார். குறையும் அதன் எடையும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. உங்கள் வேட்பாளரின் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயம் பலவீனம் என்றால், பலவீனம் என்று எழுதி, ஏன் அது பெரிதில்லை என்றும் எழுதுங்கள். ஒரு குறையும் இல்லாத கடிதத்தில் புகழ்ச்சியும் நம்பும்படியாக இருப்பதில்லை.

வேலைக்கும் கடிதத்துக்கும் பொருத்தம் வேண்டும். ராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த பரிந்துரையும் இருந்தது. எண்கள் சம்பந்தப்பட்டவற்றில் அசாதாரணத் திறமை உள்ளவர் என்று சொன்னதோடு, கணக்கிடுவதில் இயல்பான ஆற்றல் உண்டு, கணக்கு வேலையில் வேகமானவர் என்றும் அதில் எழுதியிருந்தார். எண்கோட்பாட்டு மேதைமையை வைத்துக்கொண்டு துறைமுகம் என்ன செய்யும்? வேகமாகக் கணக்குப் போடுபவர் வேண்டும். மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. கற்பித்தலே பிரதானமான ஒரு கல்லூரிக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் மூன்று பத்தி டோப்பாலஜி இருந்தால் யாருக்கு என்ன லாபம்?

படி 6: சொற்களைச் சலித்தெடுப்பது

நம் கடிதங்கள் நன்னடத்தைச் சான்றிதழின் வாரிசுகள். சின்சியர், ஹார்ட்வொர்க்கிங், ஒபீடியன்ட், நல்ல குணமுள்ளவர், வாழ்வில் எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகள். பள்ளி டிசியோடு சேர்த்துக் கொடுத்த அந்தத் தாளின் வாசனை இன்னும் போகவில்லை. வெளிநாட்டுக் குழு இவற்றைப் படிக்கும்போது, "ஆய்வைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை போலிருக்கிறது" என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒபீடியன்ட் என்பது அவர்கள் பார்வையில் சுயமாக யோசிக்காதவர். எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள்.

பெண் வேட்பாளர்கள் விஷயத்தில் இந்தச் சலித்தெடுப்பு இன்னும் அவசியம். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு வந்த 300க்கும் மேற்பட்ட கடிதங்களை ஃப்ரான்சிஸ் ட்ரிக்ஸ், கரோலின் சென்கா இருவரும் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். பெண்களுக்கு எழுதிய கடிதங்கள் சராசரியில் குட்டையாக இருந்தன, சந்தேகத்தைக் கிளப்பும் தொடர்களும் அவற்றில் அதிகம். 2016இல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, 54 நாடுகளிலிருந்து வந்த 1,224 போஸ்ட்டாக் கடிதங்களைப் பார்த்தது. "மிகச் சிறப்பு" என்ற தரத்தில் கடிதம் பெறும் வாய்ப்பு பெண்களுக்கு ஆண்களைப்போல் ஏறக்குறைய பாதிதான். எழுதியவர் ஆணா பெண்ணா என்பதால் இது மாறவில்லை.

குறைவாகத் தெரிந்தவருக்கு எழுதும்போதுதான் இந்த ஆபத்து அதிகம் என்பது என் கணிப்பு. தெரியாத இடத்தைக் கை தானாகவே ஏற்கெனவே மனதில் உள்ள ஒரு வார்ப்பை வைத்து நிரப்பிவிடும். ஆண் என்றால் "தலைமைப் பண்புள்ளவர்", பெண் என்றால் "அமைதியானவர், பொறுமையானவர்". இரண்டையுமே நீங்கள் பார்க்கவில்லை. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பெயரடையின் மேலும் விரலை வைத்து, இதை எங்கே பார்த்தேன் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அடியுங்கள். "கல்யாணத்துக்குப் பிறகும் ஆய்வைத் தொடர்ந்தார்" என்பதை நல்லெண்ணத்தோடு எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்யாணம், குழந்தை, சாதி, மதம், உடல்நலம், எதுவும் வேண்டாம்.

படி 7: முடிவு வாக்கியமும் அனுப்புவதும்

கடைசி வாக்கியத்தைத்தான் பலர் முதலில் படிப்பார்கள். உங்கள் சாட்சியத்தின் எல்லைக்குள் நின்று முடியுங்கள்: "ஆய்வேட்டின் அடிப்படையில், இந்தப் பதவிக்கு இவரைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்." தயக்கம் இருந்தால் "தயக்கமின்றி" என்ற சொல்லை விட்டுவிடலாம், படிப்பவர்களுக்குப் புரியும். நீளம் ஒன்றே கால் பக்கம் போதும். பழகாதவர் மூன்று பக்கம் எழுதினால் திணிப்பு என்று தெரிந்துவிடும்.

நிறுவன லெட்டர்ஹெட், நிறுவன மின்னஞ்சல். ஜிமெயிலிலிருந்து வரும் ரெஃபரன்ஸை உண்மையானதுதானா என்று சந்தேகப்படும் இடங்கள் நிறைய. கணிதத்துறை என்றால் அமெரிக்கக் கணிதக் கழகம் நடத்தும் மேத்ஜாப்ஸ் தளத்தில் ஒருமுறை ஏற்றினால் பல விண்ணப்பங்களுக்கும் அதே கடிதம் போகும். அதனால் அதில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதிவிடாதீர்கள். அமெரிக்க இலையுதிர்காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பருக்குள், பெரும்பாலான கடைசித் தேதிகள் விழும். பிரிட்டனில் பல இடங்களில் இறுதிப்பட்டியல் போட்ட பிறகே கடிதம் கேட்பார்கள். திடீரென்று ஒரு வாரக் கெடுவில் மின்னஞ்சல் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ரகசியம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் படித்தவர் என்றால், 1974ஆம் ஆண்டுச் சட்டமான ஃபெர்ப்பாவின் கீழ் தன் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாகப் பெரும்பாலும் கையெழுத்திட்டிருப்பார். பிரிட்டனில் 2018 தரவுப் பாதுகாப்புச் சட்டம் ரகசிய ரெஃபரன்ஸ்களுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் ரெஃபரன்ஸ் தருபவர் கவனத்தோடு எழுதும் கடமை உள்ளவர் என்று, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1994இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பார்க்காததை எழுதாமல் இருப்பது சட்டத்துக்கும் பாதுகாப்புதான். சாட்ஜிபிடி போன்ற கருவியில் வேட்பாளரின் சிவியையும் வெளிவராத ஆய்வையும் கொட்டிக் கடிதம் வாங்குவதும் இந்தக் கணக்கில்தான் வரும். உங்களை நம்பிக் கொடுத்த தாள்கள் அவை. தவிர, வைவாவில் நடந்தது அதற்குத் தெரியாது.

நேரெதிரான ஒரு வகை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் டென்யூர், அதாவது நிரந்தரப் பேராசிரியர் பணி, கொடுக்கும்போது, வேட்பாளரோடு தொடர்பே இல்லாதவர்களிடம்தான் தேடிப்போய்க் கடிதம் கேட்கின்றன. அங்கே பழக்கமின்மைதான் உங்கள் தகுதி. சேர்ந்து எழுதியதில்லை, மாணவரும் இல்லை என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, அனுப்பி வைத்த நாலைந்து கட்டுரைகளை நிதானமாக மதிப்பிட வேண்டும். "உங்கள் நிறுவனத்தில் இவருக்கு டென்யூர் கிடைக்குமா?" என்று சிலர் கேட்பார்கள். நம் அமைப்பில் அப்படி ஒரு படிநிலையே இல்லையென்றால் அதைச் சொல்லிவிட்டு, கேட்ட துறையில் அந்த நிலையில் இருப்பவர்களின் வேலையோடு ஒப்பிட்டுப் பதில் தரலாம்.

அனுப்பிய பிறகு கோப்பைத் தேதியோடு சேமித்து வையுங்கள். அடுத்த வருடமும் அதே மாணவர் கேட்பார், கேட்க வேண்டியும் இருக்கும். அப்போது புதிய கட்டுரை ஒன்றைப் படித்து ஒரு பத்தி சேருங்கள்; வைவா எத்தனை வருடத்துக்கு முன் நடந்தது என்ற வரியையும் திருத்திவிடுங்கள். அந்த வரியை மாற்ற மறந்த கடிதங்கள் தேர்வுக்குழுக்களுக்கு வருடம் தவறாமல் வருகின்றன.